டான் ராதர்: ஒரு ஜெராக்ஸ் காகிதத்தில் போன 24 வருஷம்

#1 · காங்கேயம் காளை

எல்லோருக்கும் வணக்கமுங்க. போன வாரம் ஈரோட்டில் ஒரு கல்யாணம். பழைய டிவி நிருபர்கள் நாலு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். இலை போட்டதுமே வழக்கமான பேச்சுதான்: யாருக்கு மைக் போச்சு, எதனால் போச்சு. நான் டான் ராதர் கதையை ஆரம்பித்தேன். ரசம் வருவதற்குள் பாதிகூட முடியவில்லை, அவர்கள் மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்கள். அந்த ஆத்திரத்தில் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1981 மார்ச் 9 முதல் 2005 மார்ச் 9 வரை மாலைச் செய்திக்கு முகமாக இருந்தவர் டான் ராதர். செய்தி வாசிப்பாளர் என்றால் நம்மூரில் எழுதிக்கொடுத்ததைத் திருத்தமாகப் படிப்பவர் என்றுதான் நினைப்போம். இவர் அப்படி இல்லை, தெருவில் இறங்கி வேலை பார்த்து மேலே வந்த ஆள்.

பிறந்தது 1931இல், டெக்சாஸ் மாநிலத்தின் வார்ட்டன் என்ற ஊரில். 1961இல் கார்லா புயல் வந்தபோது ஹூஸ்டன் நகர டிவி ஒன்றில் இருந்தார். கால்வெஸ்டன் வானிலை நிலையத்துக்குள் கேமராவைக் கொண்டுபோனார். ரேடாரில் தெரிந்த புயலின் மேல் டெக்சாஸ் வரைபடத்தைப் பொருத்தி, புயல் எவ்வளவு பெரியது என்று வீட்டில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்குக் காட்டினார். இன்றைக்கு நம்ம ஊர் சேனலில்கூட புயல் சுழலும் படம் ஓடுகிறது. அப்போது அது யாரும் பார்த்திராத காட்சி. அதைப் பார்த்துத்தான் மறுவருஷம் சிபிஎஸ் அவரை எடுத்துக்கொண்டது. 1963இல் கென்னடி சுடப்பட்ட அன்று டல்லாஸில் இருந்தார். அப்புறம் வெள்ளை மாளிகை நிருபர்.

1974இல் வாட்டர்கேட் ஊழல் விவகாரம் சூடாக இருந்த நேரம், ஹூஸ்டனில் ஒரு கூட்டத்தில் அதில் சிக்கியிருந்த அதிபர் நிக்சனிடம் கேள்வி கேட்க எழுந்தார். அரங்கில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் கூச்சல் போட்டார்கள். நிக்சன் கேட்டார்: "நீங்க ஏதாவது தேர்தல்ல நிக்கிறீங்களா?" இவர் சொன்னார்: "இல்லைங்க, மிஸ்டர் பிரசிடெண்ட். நீங்க நிக்கிறீங்களா?" நம்ம கலெக்டரேட் பிரஸ்மீட்டில் ஒரு மாவட்டச் செயலாளரிடம் இப்படிக் கேட்டால், டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சென்னையிலிருந்து போன் வந்துவிடும்.

இப்படிப்பட்ட ஆள் விழுந்தது 2004 செப்டம்பரில். அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதம் கூட இல்லை. அப்போது அதிபராக இருந்த புஷ் இளவயதில் வியட்நாம் போருக்குப் போகாமல் டெக்சாஸ் விமானப்படைக் காவல் பிரிவில் சேர்ந்தார், அங்கேயும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை என்பது பழைய குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரமாக, அவருடைய மேலதிகாரி கில்லியன் 1972, 73இல் எழுதிவைத்த குறிப்புகள் என்று சில காகிதங்கள் சிபிஎஸ்ஸுக்குக் கிடைத்தன. தயாரிப்பாளர் மேரி மேப்ஸ் கைக்கு செப்டம்பர் 2ஆம் தேதி இரண்டு தாள் வந்தது, 5ஆம் தேதி நாலு தாள் வந்தது. 8ஆம் தேதி இரவு ஒளிபரப்பிவிட்டார்கள். கில்லியன் 1984லேயே செத்துப்போனவர், கேட்க ஆள் இல்லை. வந்ததெல்லாம் ஜெராக்ஸ்.

நிகழ்ச்சி முடிந்த அன்று ராத்திரியே ஃப்ரீ ரிபப்ளிக் என்ற விவாதத் தளத்தில் ஒருவர் எழுதினார்: இது டைப்ரைட்டரில் அடித்தது மாதிரி இல்லை, கம்ப்யூட்டரில் அடித்தது மாதிரி இருக்கிறது என்று. அந்த இழையின் 47ஆவது பதிவு அது. மறுநாள் காலையிலிருந்து வலைப்பதிவுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சிபிஎஸ் பன்னிரண்டு நாள் எங்கள் செய்தி சரிதான் என்று மல்லுக்கட்டிவிட்டு, 20ஆம் தேதி மன்னிப்புக் கேட்டது. ஜனவரி 10இல் விசாரணைக் குழு 224 பக்க அறிக்கை கொடுத்தது. மேப்ஸை வேலையைவிட்டு நீக்கினார்கள், இன்னும் மூன்று பேரை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். ராதர் அதற்கு முன்பே, நவம்பரிலேயே, விலகப் போவதாக அறிவித்திருந்தார். 24 வருஷம் சரியாக முடிந்த நாளில் நாற்காலியைவிட்டு எழுந்தார். 2006 ஜூனில் சிபிஎஸ்ஸைவிட்டே போய்விட்டார். 44 வருஷ உத்தியோகம்.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு, பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் ரோசனையைச் சொல்லுங்கள்.

#2 · கொப்பரை

நீளம் எச்சுங்க. ஆனா படிச்சுட்டேன்.

#3 · நொய்யல்கரை

இந்த ஆளைப் பற்றி இவ்வளவு உருகத் தேவையில்லை. ஒரு பக்கம் சாய்ந்தவர் என்ற பேச்சு அவர்மேல் நெடுநாளாக இருந்தது. 1988 ஜனவரியில் துணை அதிபராக இருந்த பெரிய புஷ்ஷை நேரலையில் உட்காரவைத்து, ஈரான் ஆயுத விவகாரத்தைக் கேட்டுக் கேட்டுக் குடைந்தார். கடைசியில் பேட்டி சண்டையாக முடிந்தது. பதினாறு வருஷம் கழித்து மகன் புஷ்மேல் இந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பனிடம் முடியாததை மகனிடம் முடிக்கப் பார்த்தார் என்று ஜனங்கள் நினைக்கத்தானே செய்வார்கள்?

#4 · காங்கேயம் காளை

@நொய்யல்கரை: அந்த 88 பேட்டியில் ஒரு சமாச்சாரம் இருக்குதுங்க. அதற்கு முந்தின வருஷம், 1987 செப்டம்பர் 11ஆம் தேதி, போப் வருகைக்காக மயாமியிலிருந்து செய்தி கொடுத்துக்கொண்டிருந்தார் ராதர். சிபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த டென்னிஸ் ஆட்டம் நீண்டுகொண்டே போனது, செய்தி நேரத்தைத் தின்றது. கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆட்டம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது, நாற்காலியில் ஆள் இல்லை. நாடு முழுக்க ஆறு நிமிஷம் கறுப்புத் திரை. புஷ் அதைத்தான் பேட்டியில் எடுத்து வீசினார்: நியூயார்க்கில் நீங்கள் எழுந்து போன அந்த ஏழு நிமிஷத்தை வைத்து உங்கள் உத்தியோகத்தையே எடைபோட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று. நியூயார்க் இல்லை, மயாமி. ஏழு இல்லை, ஆறு. ஆனால் அடி சரியான இடத்தில் விழுந்தது.

சாய்வு இருந்ததா என்று விசாரணைக் குழுவும் பார்த்தது. அரசியல் நோக்கம்தான் காரணம் என்று அது சொல்லவில்லை. யாருக்கும் முந்திப் போட வேண்டும் என்ற கண்மூடித்தனமான ஆவேசம் என்றுதான் சொன்னது. எனக்கு அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. நிருபருக்குக் கட்சிப் பாசத்தைவிடப் பக்கத்து சேனல்மேல் இருக்கும் பயம்தான் பெரிசு.

#5 · டைப்பிங் மாஸ்டர்

இந்த இழை என் தொழிலுக்குள் வந்துவிட்டது, அதனால் சும்மா இருக்க முடியவில்லை. 31 வருஷமாக இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன். லோயர், ஹையர் என்று எத்தனை பேட்ச் என் கையில் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

சாதாரண டைப்ரைட்டரில் இங்கிலீஷ் சின்ன 'ஐ' எழுத்துக்கும் அகலமான 'எம்' எழுத்துக்கும் ஒரே இடம்தான். பைகா என்றால் அங்குலத்துக்கு 10 எழுத்து, எலைட் என்றால் 12. மேலிருந்து கீழே பார்த்தால் எழுத்துகள் போர்வீரர்கள் மாதிரி நேராக நிற்கும். அந்தக் காகிதத்தில் அப்படி நிற்கவில்லை. ஒல்லி எழுத்துக்குக் கொஞ்ச இடம், குண்டு எழுத்துக்கு நிறைய இடம். அப்புறம் 111ஆவது, 187ஆவது என்று எண்ணுக்குப் பக்கத்தில் வரும் 'டிஎச்' மேலே ஏறிச் சின்னதாக இருந்தது. கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற மைக்ரோசாப்ட் வேர்ட் தானாகவே அப்படிச் செய்யும், நாம் வேண்டாம் என்றாலும் செய்யும்.

ஆனால் அவசரப்படக் கூடாது. எழுத்துக்கேற்ற அகலம் கொடுக்கும் ஐபிஎம் எக்சிகியூட்டிவ் மெஷின் 1940களிலேயே வந்துவிட்டது. மேலே ஏறிய 'டிஎச்' எழுத்தைத் தனிக் கட்டையாக வைத்த டைப்ரைட்டரும் அப்போது உண்டு. சிபிஎஸ்காரர்கள் அந்தப் பன்னிரண்டு நாளும் இதைத்தான் பிடித்துத் தொங்கினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது.

பதிலே இல்லாதது வரி முடிகிற இடம். டைப்ரைட்டரில் வலது ஓரம் வரும்போது மணி அடிக்கும். இந்த வார்த்தையை முடித்துவிடலாமா, அடுத்த வரிக்குப் போகலாமா என்று அடிக்கிற ஆள்தான் முடிவு பண்ண வேண்டும். என் மாணவர்கள் இருபது பேருக்கு ஒரே பத்தியைக் கொடுத்தால் இருபது மாதிரி உடைப்பார்கள். அங்கே வலைப்பதிவுக்காரர் ஒருவர் அந்தக் குறிப்பை வேர்டில் அப்படியே அடித்தார். எழுத்தளவு, ஓரம் எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு வரியும் அதே வார்த்தையில் முடிந்தது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அசையும் படமாகப் போட்டார். 1973இல் மணிச் சத்தம் கேட்டு ஒருவர் உடைத்த வரியை, அதற்கப்புறம் பல வருஷம் கழித்துப் பிறந்த மென்பொருள் அதே இடத்தில் உடைக்குமா?

தமிழிலும் இந்த மாதிரி ஒரு அடையாளம் இருக்கிறது, ஈரோட்டுக்காரர்கள் பெருமைப்படலாம். பழைய லை, ணை, னை எல்லாம் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்போடு இருக்கும். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்ற பிறகுதான் இப்போதைய வடிவம் எங்கும் பரவியது. 1960 என்று தேதி போட்ட ஒரு அச்சு நோட்டீஸில் இன்றைய 'லை' இருந்தால் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்ப்பேன். அங்கேயும் அவசரப்படக் கூடாது. பெரியார் தம் குடிஅரசு இதழில் 1935லேயே புது எழுத்தை அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வட்டாரத்து நோட்டீஸ் என்றால் 1960இல் புது 'லை' இருப்பதுதான் நியாயம். அதனால்தான் எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் யார் அச்சடித்தது என்று கேட்க வேண்டும்.

#6 · பவானி கூடுதுறை

மாஸ்டர், உங்க இன்ஸ்டிட்யூட்டில்தான் நான் லோயர் பாஸ் பண்ணினேன் என்று நினைக்கிறேன். மணி அடித்ததும் ஸ்கேலால் விரலில் ஒன்று போடுவீர்களே, நீங்கதானே?

#7 · டைப்பிங் மாஸ்டர்

அது என் தம்பியாக இருக்கும்.

#8 · அமராவதி அம்மணி

எல்லாரும் எழுத்தையே பார்த்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். நான் கரூரில் இதழியல் படிக்கிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் சண்டை போடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புஷ் உடல் பரிசோதனைக்குப் போகவில்லை, அதனால் 1972 ஆகஸ்ட் மாதம் விமானம் ஓட்டும் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். இது ராணுவத்தின் சொந்த ஆவணத்திலேயே இருந்த சங்கதி. கில்லியனின் செக்ரட்டரியாக இருந்த நாக்ஸ் அம்மாவுக்கு அப்போது 86 வயது. அவர் சொன்னது என்ன? இந்தக் காகிதங்களை நான் அடிக்கவில்லை, ஆனால் இதில் இருக்கும் விஷயம் அப்போது நடந்ததுதான் என்றார். விசாரணைக் குழுகூட இவை போலி என்று அடித்துச் சொல்லவில்லை. உண்மையானவை என்று நிரூபிக்க முடியவில்லை என்றுதான் சொன்னது.

இன்னொன்று. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க ராணுவத்தினர் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்களை அதே 2004 ஏப்ரலில் முதலில் காட்டியது யார்? இதே ராதர், இதே மேப்ஸ். ராணுவத் தலைமை கேட்டுக்கொண்டதால் இரண்டு வாரம் தள்ளிவைத்துப் போட்டார்கள். அதே வருஷம் மே 26ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ், ஈராக் பற்றிய தன் பழைய செய்திகள் பல போதுமான கடுமையோடு எழுதப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. அந்தச் செய்திகள் ஒரு யுத்தத்துக்கு வழி அமைத்தவை. அதற்காக ஒரே ராத்திரியில் யார் வீட்டுக்குப் போனார்கள்? சிபிஎஸ்ஸின் அப்போதைய தாய் நிறுவனமான வியாகாமின் தலைவர் ரெட்ஸ்டோன், ஊடக நிறுவனங்களுக்குக் குடியரசுக் கட்சி ஆட்சிதான் நல்லது என்று தேர்தல் நேரத்தில் வெளிப்படையாகவே பேசினார். முதலாளி அப்படி இருக்கும்போது நிருபர் தலை உருளாமல் என்ன ஆகும்?

#9 · நொய்யல்கரை

அம்மணி, அதைத்தான் ராதரும் கோர்ட்டில் சொன்னார். 2007இல் 7 கோடி டாலர் கேட்டு சிபிஎஸ்மேல் வழக்குப் போட்டார், தன்னைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்று. 2009 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2010 ஜனவரியில் அதற்கு மேல் இருக்கும் கோர்ட்டும் கேட்க மறுத்துவிட்டது.

#10 · அமராவதி அம்மணி

கோர்ட் தள்ளியது ஒப்பந்தக் கணக்கை. பலிகடா ஆக்கினார்களா இல்லையா என்பதை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவே இல்லையே.

#11 · பத்திர ஆபீஸ்

எனக்கு அமெரிக்கா தெரியாதுங்க. தாராபுரம் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்தக் கேஸ் தினமும் என் மேசைக்கு வருகிறது.

ஒருத்தர் நிலம் விற்க வருவார். ஜெராக்ஸை நீட்டுவார். முதல் கேள்வி: மூலப்பத்திரம் எங்கே? வீட்டில் இருக்குது என்றால் போய் எடுத்து வாங்க என்போம். தொலைஞ்சு போச்சு என்றால் அதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது, போலீஸில் எழுதிக் கொடு, பேப்பரில் விளம்பரம் கொடு, பிறகு பார்க்கலாம். "நானே எரிச்சுட்டேனுங்க" என்று ஒருத்தர் சொன்னால்? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்போம்.

காளை அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுத் தேடிப் பார்த்தேன். காகிதம் கொடுத்த பர்க்கெட் என்ற ஆள் சொன்னது அதுதான். அசலை எரித்துவிட்டேன் என்றார். யார் கொடுத்தது என்று முதலில் ஒரு பெயர் சொன்னார், ஒளிபரப்பான பிறகு அது பொய் என்று சொல்லிவிட்டு வேறு கதை சொன்னார். அது மட்டுமா, புஷ்ஷை எதிர்த்து நின்ற கெரி அணியோடு பேச ஏற்பாடு பண்ணிக் கொடுங்க என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா மேப்ஸும் கெரி ஆளுக்கு போன் போட்டிருக்கிறார். விற்கிறவர், வாங்குகிறவர், புரோக்கர் மூன்று பேருக்கும் ஒரே ஆளே போன் போட்டால் நாங்கள் அந்தக் கிரயத்துக்குக் கையே வைக்க மாட்டோம்.

அம்மணி சொல்வது சரி, நிலம் உண்மையாகவே அந்த ஆளுடையதாக இருக்கலாம். ஊரே சாட்சி சொல்லலாம். ஆனால் கள்ளப் பத்திரத்தைக் கொண்டுபோய் நீட்டினால் அப்புறம் நல்ல சாட்சியையும் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கம் நியாயமாகத் தோட்டம் இருந்தும் இப்படிக் கெட்டுப்போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

#12 · கொப்பரை

இது நல்லா இருக்குது.

#13 · டைப்பிங் மாஸ்டர்

@அமராவதி அம்மணி: நாக்ஸ் அம்மாவைப் பற்றி நீங்கள் சொன்னதும் எனக்கு ஒரு ஆதங்கம். அந்த அம்மாவிடம் சிபிஎஸ் பேசியது எப்போது? ஒளிபரப்பாகி ஒரு வாரம் கழித்து! அந்த ஆபீஸில் டைப் அடித்த ஆள் உயிரோடு இருக்கிறார். "இது உங்க கையா?" என்ற ஒரே கேள்வி போதும். நிபுணர்களைக் கூப்பிட்டார்களே, அதில் இரண்டு பேர் முன்னாலேயே சந்தேகம் சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவர் கையெழுத்தை மட்டும் பார்த்துச் சரி என்றார். அந்தக் கையெழுத்தும் ஜெராக்ஸில்தான் இருந்தது. பெரிய நிபுணர், பெரிய நிருபர், யாருக்கும் டைப்பிஸ்ட் ஞாபகம் வரவில்லை. எப்போதுமே வராது, விடுங்கள்.

#14 · பவானி கூடுதுறை

காளை அண்ணா, சொந்தக் கணக்கு என்னன்னு சொல்றேன்னீங்க. இழை 47 வரைக்கும் போகட்டும்னு காத்திருக்கீங்களா?

#15 · காங்கேயம் காளை

சொல்லிவிடுகிறேன் தம்பி.

எனக்கு இந்த ஆசை பிடித்தது 1996 தேர்தலில். மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையைக் காட்ட ஆளுக்கொரு மனு போட்டு 1033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது. அதைப் பார்க்க அப்புச்சி சைக்கிளில் என்னைக் கூட்டிப்போனார். வெளியூர் கேமரா ஒன்று நின்றிருந்தது. மைக் பிடித்த ஆளைச் சுற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் பள்ளிப்பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

பின்னால் 24 மணி நேரத் தமிழ்ச் செய்தி சேனல்கள் அடுத்தடுத்து வந்த காலத்தில் எனக்கும் ஒரு மைக் கிடைத்தது. ஸ்டிரிங்கர். வெளியில் பார்க்கிறவர்களுக்கு டிவி நிருபர். உள்ளே பார்த்தால் மாதச் சம்பளம் கிடையாது, ஒளிபரப்பான செய்திக்குத்தான் காசு, கேமராவும் பைக்கும் பெட்ரோலும் நம்முடையது. சேனல் கொடுப்பது மைக்கில் மாட்டும் லோகோ ஒன்றுதான். ஆனால் அந்த லோகோவுக்கு இருந்த மரியாதை! ஒறம்பரை வீட்டு விசேஷத்தில் முதல் பந்தியில் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். பிரஸ்மீட்டில் சிலர் கவர் கொடுப்பார்கள். நான் வாங்கியதில்லை என்று சொல்லிக்கொள்வேன், இரண்டு தீபாவளிக்கு வாங்கியிருக்கிறேன்.

ஒரு தேர்தல் சமயம். ராத்திரி பத்து மணி. ஒரு ஒன்றியச் செயலாளர் கட்சியைவிட்டு விலகுகிறார் என்று அவருடைய லெட்டர் பேடில் கடிதம், கையெழுத்தோடு, வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவன் அதே கட்சிக்காரன், எனக்கு நல்ல பழக்கம். "அண்ணா, எல்லாருக்கும் போறதுக்குள்ள போட்டுருங்க" என்றான். இன்புட் டெஸ்க்குக்கு அனுப்பினேன். "கன்பார்மா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார்கள். "கன்பார்ம்" என்றேன். செயலாளருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் அவர் மற்ற சேனலுக்கும் சொல்லிவிடுவார் என்று பயம். அவ்வளவுதான் காரணம், வேறு ஒரு நோக்கமும் இல்லை.

பிரேக்கிங் முப்பத்தைந்து நிமிஷம் ஓடியது. அப்புறம் அவரே கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, நான் கட்சிய விட்டுப் போனது எனக்கே உங்க டிவியப் பாத்துத்தானுங் தெரியுது."

அப்போதே கையைக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? லெட்டர் பேட் உங்களுடையதுதானே, கையெழுத்து உங்களுடையதுதானே, மிரட்டியதால் இப்போது மறுக்கிறீர்கள் என்று அவரிடமே வாதாடினேன். ஆபீஸிலும் இரண்டு நாள் அதையே சொன்னேன். எனக்கே தொண்டைக்குக் கீழே நம்பிக்கை இல்லை, ஆனாலும் வாய் நிற்கவில்லை. மூன்றாம் நாள் மாவட்ட நிருபர் பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். லோகோவைக் கழற்றி ஒரு மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது சொட்டுநீர்க் குழாய் கடை வைத்திருக்கிறேன்.

ராதர் கதையில் எனக்குப் பிடிபடுவது அந்தப் பன்னிரண்டு நாள்தான். செப்டம்பர் 10ஆம் தேதி அவர் டிவியில் வந்து காகிதங்களை ஆதரித்துப் பேசியதைப் பின்னால் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். அம்மணி சொல்கிற முதலாளி, அரசியல் எல்லாம் உண்மையாக இருக்கலாம். அது அவரைத் தள்ளிவிட்ட கை. வழுக்கலில் போய் நின்றது அவரே.

#16 · அமராவதி அம்மணி

அண்ணா, உங்கள் கதையைப் படித்ததும் சண்டை போட மனசு வரவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். "கன்பார்மா?" என்று கேட்டுவிட்டு பிளாஷ் போட்ட டெஸ்க்காரருக்கு என்ன ஆயிற்று?

#17 · காங்கேயம் காளை

பதவி உயர்வு. வேறு சேனலில்.

#18 · அமராவதி அம்மணி

இதைத்தான் நான் எட்டாவது பதிவிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். சிபிஎஸ்ஸிலும் செய்திப் பிரிவின் தலைவர் ஹேவர்ட் அப்போது நாற்காலியிலேயே இருந்தார். போனது மேப்ஸும் மூன்று பேரும். ஆனால் ஒன்று, ராதர் வீட்டில் முடங்கிப்போகவில்லை. வேறொரு கேபிள் சேனலில் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார். எண்பது வயசுக்கு மேல் இணையத்தில் எழுத ஆரம்பித்து, அவர் செய்தி வாசித்ததையே பார்த்திராத பிள்ளைகள் அவரைப் படித்தார்கள். 2024 ஏப்ரலில் சிபிஎஸ்ஸே தன் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் அவரைப் பேட்டி எடுத்தது. 92 வயது அப்போது.

#19 · நொய்யல்கரை

92 வயசில் கூப்பிடுவது மரியாதை இல்லை அம்மணி, துக்கம் விசாரிப்பது.

#20 · பத்திர ஆபீஸ்

காளை அண்ணா, அந்தக் கடிதம் இன்னும் இருக்குதுங்களா? பேர், ஊர் எல்லாம் வேண்டாம். தேதி மட்டும் சொல்லுங்க.

#21 · காங்கேயம் காளை

பழைய போனில் இருந்தது. சார்ஜ் ஏறவே அரை நாள் ஆச்சு. பேர் தெரிகிற மாதிரி இங்கே போட வேண்டாம், தேதியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

#22 · பத்திர ஆபீஸ்

பஞ்சாங்கம் பார்த்தேன். எங்களுக்கு இது பழக்கம், நாள் பார்க்காமல் யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள். அன்றைக்குத் தேய்பிறை அஷ்டமிங்க. அந்தச் செயலாளர் நாள் நட்சத்திரம் பார்க்கிற ஆளுங்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், ராதர் விஷயத்திலும் இப்படி ஒன்று இருந்தது. 1973 ஆகஸ்ட் தேதி போட்ட ஒரு குறிப்பில், மேலதிகாரி ஸ்டாட் நெருக்கடி கொடுக்கிறார் என்று இருக்கிறது. அந்த ஸ்டாட் 1972 மார்ச்சிலேயே ரிட்டயர் ஆனவர். மாஸ்டர் மன்னிக்கணும், இதற்கு டைப்ரைட்டரே தேவைப்படாது.

#23 · டைப்பிங் மாஸ்டர்

ஒத்துக்கொள்கிறேன்.

#24 · காங்கேயம் காளை

வீட்டில் முடி வெட்டிக்கொள்ளக்கூட நாள் பார்க்கிற மனுஷன் அவர். மேடையில்தான் பகுத்தறிவு. கார் வாங்கி நவமி என்று ஒரு நாள் முழுக்க ஷோரூமிலேயே விட்டுவைத்தவர், நானே அதைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். இத்தனை வருஷமாக அந்தக் கையெழுத்தைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வலது மூலையில் தேதி இருந்திருக்கிறது.

#25 · கொப்பரை

காளை அண்ணா, கடை எந்தப் பக்கமுங்க? நாலு ஏக்கர் தென்னைக்கு 16 எம்எம் குழாய் வேணும்.

#26 · காங்கேயம் காளை

தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்க. கிணறா, போரா? வடிகட்டி அதைப் பொறுத்து மாறும்.